எண்ணெய் வடிக்கும் போல்ட்டின் மரை அரிந்துவிட்டது: சரிசெய்வது எப்படி, எவ்வளவு இறுக்குவது?

செம்மண் பாதை (சுங்கை சிப்புட்)

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் லிந்தாங் செல்லும் சாலையை ஒட்டிய ஒரு செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக (வேலையாட்களின் மேற்பார்வையாளராக) இருக்கிறார். விடிவதற்கு முன்பே பெரட்டுக்குப் (வேலையாட்களின் காலை வருகைப் பதிவுக்கு) போய் நிற்க வேண்டியவர் என்பதால், அவருடைய ஹோண்டா ஈஎக்ஸ்5 மோட்டார் சைக்கிள் ஒரு நாள் ஓடவில்லை என்றாலும் வீட்டில் அது பெரிய கவலையாகிவிடும். அந்த மோட்டாருக்கு எண்ணெய் மாற்றும் வேலையை இரண்டு ஆண்டுகளாக நான்தான் செய்து வருகிறேன்.

நேற்று எண்ணெய் மாற்றி முடித்தபின் அடியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. 17 மிமீ ஸ்பேனரைப் போட்டு இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். சொட்டு நிற்கவில்லை. ஸ்பேனரின் பிடியில் ஒரு குழாயைச் செருகி மறுபடியும் இறுக்கினேன். கை நன்றாகக் கனத்துக்கொண்டே வந்து, திடீரென்று எதிர்ப்பே இல்லாமல் போல்ட்டு சுழன்றது. வெளியே எடுத்துப் பார்த்தால், போல்ட்டின் பள்ளங்களில் வெள்ளி நிறத்தில் மெல்லிய சுருள் கம்பி போல ஏதோ சுற்றியிருந்தது. நகத்தால் கிளறியதும் மூன்று சுற்றுகள் அப்படியே கழன்று உள்ளங்கையில் விழுந்தன. அவைதாம் இஞ்சின் அடிப்பெட்டியின் மரைகள் என்று புரிந்துகொள்ளச் சற்று நேரம் பிடித்தது.

போல்ட்டுக்கு ஒரு சேதமும் இல்லை. இதைச் சரிசெய்ய முடியுமா, அல்லது இஞ்சின் அடிப்பெட்டியையே மாற்ற வேண்டுமா? நாளைக் காலையில் அப்பா வெள்ளை டேப்பைச் சுற்றி முடுக்கிக்கொண்டு போகலாமா? எதிர்காலத்தில் எவ்வளவு இறுக்குவது சரி? தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பட்டறைக்காரர் (கோலகங்சார்)

தம்பி, முதலில் அவசரமான கேள்விக்குப் பதில்: நாளைக்கு அந்த மோட்டாரை எடுக்கவே வேண்டாம், அப்பாவை வேறு யாரோடாவது ஏற்றி அனுப்பிவிடுங்கள். வெள்ளை டேப் என்பது தண்ணீர்க் குழாயின் மரைக்கு இடையில் இருக்கும் சந்தை அடைப்பதற்கானது; போல்ட்டைப் பிடித்து வைக்கும் வலு அதற்குக் கிடையாது. பாதி வழியில் போல்ட்டு விழுந்தால் முக்கால் லிட்டர் அளவேயான எண்ணெய் சில நொடிகளில் சாலையில் கொட்டிவிடும். அதற்குப் பிறகு இஞ்சின் நின்றுபோகும்; அதற்கு முன்பே பின்சக்கரம் அந்த எண்ணெயின்மேல் ஏறும். இரண்டாவதுதான் எனக்கு அதிகப் பயம்.

இப்போது காரணத்தைச் சொல்கிறேன், ஏனெனில் இந்த மரை நேற்று அரியவில்லை. போல்ட்டின் தலைக்குக் கீழே இருக்கும் அலுமினிய வாசரை நீங்கள் எத்தனை முறை மாற்றியிருக்கிறீர்கள்? அந்த வாசர் ஒருமுறை நசுங்கி, இரண்டு பக்கத்து மேடுபள்ளங்களையும் நிரப்பிக்கொள்வதற்காகவே மென்மையாகச் செய்யப்பட்டது. ஒருமுறை நசுங்கிய வாசர் கெட்டிப்பட்டுவிடும். அதை மறுபடி போடும்போது பழைய தழும்பும் புதிய இடமும் பொருந்தாமல் எண்ணெய் கசியும். கசிவைப் பார்த்தவுடன் எல்லாருக்கும் கை இறுக்கத்தான் போகிறது. என் பட்டறைக்கு வரும் வடிகால் மரைக் கேடுகளில் பெரும்பாலானவற்றின் தொடக்கம் ஒரு வெள்ளிக்கும் (ரிங்கிட்டுக்கும்) குறைவான விலையுள்ள அந்த வாசர்தான். கசிவு என்பது வாசர் சொல்லும் புகார். அதற்குப் பதிலை மரையிடம் கேட்கக் கூடாது.

அடிப்பெட்டியை மாற்றத் தேவையில்லை. சரிசெய்யும் முறையை இன்றிரவு விரிவாக எழுதுகிறேன்.

அளவுகோல் (சுங்கைப்பட்டாணி)

நான் ஒரு தொழிற்சாலையின் கருவிப் பிரிவில் வேலை செய்கிறேன். எவ்வளவு இறுக்குவது என்ற கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும் என்பதால் குறுக்கிடுகிறேன்.

நாம் போல்ட்டை இறுக்கும்போது உண்மையில் செய்வது அதை இழுத்து நீட்டுவதுதான். போல்ட்டு ஒரு விறைப்பான சுருள்வில்லைப் போல மிக நுட்பமாக நீண்டு, மீண்டும் பழைய நீளத்துக்கு வர முயலும்போதுதான் இரண்டு பாகங்களும் அழுத்திப் பிடிக்கப்படுகின்றன. ஆனால் நாம் கையால் கொடுக்கும் திருக்கு விசையில் (டார்க்; நியூட்டன் மீட்டரில் அளப்பது) ஏறக்குறைய பாதி போல்ட்டின் தலைக்குக் கீழே உராய்வில் போய்விடுகிறது. ஏறத்தாழ நாற்பது விழுக்காடு மரையின் உராய்வில் போய்விடுகிறது. மீதமுள்ள பத்து விழுக்காடு மட்டுமே போல்ட்டை நீட்டுகிறது. உராய்வு கொஞ்சம் மாறினாலும் பிடிப்பு பெருமளவு மாறிவிடுவது இதனால்தான்.

ஒரு கணக்கைப் பாருங்கள். கிளட்ச் மூடியைப் பிடிக்கும் 6 மிமீ போல்ட்டை, உலர்ந்த மரையில் 10 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால், ஏறக்குறைய 8,300 நியூட்டன், அதாவது சுமார் 850 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் கிடைக்கிறது. சுண்டுவிரலைவிட மெலிந்த போல்ட்டு அது. அதே மரையில் எண்ணெயோ கிரீஸோ இருந்து உராய்வு குறைந்தால், அதே 10-க்கே அழுத்தம் 1,100 கிலோவைத் தாண்டிவிடும். கையேட்டில் எண்ணெய் பூசச் சொல்லியிருந்தால் ஒழிய, மரையை மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து உலர்த்திய பிறகே இறுக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். குழாய் போட்டு இறுக்கினால் என்ன ஆகும் என்பதைத் தம்பி இந்தக் கணக்கிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம். எஃகுப் போல்ட்டு தாங்கிக்கொள்ளும். அலுமினிய மரை தாங்காது.

தனியாக அளவு குறிப்பிடப்படாத இடங்களுக்கு ஹோண்டா கையேடுகள் தரும் பொது அளவுகள்: 5 மிமீ போல்ட்டுக்கு 5, 6 மிமீ போல்ட்டுக்கு 10, 8 மிமீ போல்ட்டுக்கு 22, 10 மிமீ போல்ட்டுக்கு 34 நியூட்டன் மீட்டர். வடிகால் போல்ட்டுக்கு இந்த வகைக் கப்சாய்களில் (ஈஎக்ஸ்5 போன்ற சிறிய மோட்டார் சைக்கிள்களில்) 24 என்று கொடுத்திருப்பார்கள். உங்கள் மாதிரியின் கையேட்டில் ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். 12 மிமீ தடிமன் உள்ள போல்ட்டுக்கு 24 மட்டும்தானா என்று வியப்பாக இருக்கும். அந்த 24-லேயே சுமார் ஒரு டன் அழுத்தம் வந்துவிடுகிறது. வாசரை நசுக்க அதற்குமேல் தேவையில்லை.

இஞ்சின் வேலைக்கு டார்க் ரெஞ்சு வாங்குவதாக இருந்தால் 5 முதல் 25 வரை அளக்கும் சிறியதை வாங்குங்கள். கார் சக்கரத்துக்கான பெரியவை பெரும்பாலும் 28-லிருந்துதான் தொடங்குகின்றன. அதை வைத்து 10-க்கு இறுக்கவே முடியாது. சொடுக்கும் வகை என்றால் வேலை முடிந்ததும் அதன் மிகக் குறைந்த அளவுக்குத் திருப்பி வையுங்கள், அதைக்கொண்டு போல்ட்டைக் கழற்றாதீர்கள்.

லாபிஸ் தோட்டம்

அளவுகோல் அக்கா எழுதியது அருமை. ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு அந்தச் சிறிய ரெஞ்சு எளிதில் கைக்கு எட்டும் பொருளல்ல. நான் பத்து ஆண்டுகளாகச் செய்யும் முறை ஒன்று உண்டு. மீன் நிறுக்கும் கொக்கித் தராசு இருந்தால் போதும்.

சாக்கெட்டின் பிடியில், போல்ட்டின் நடுப்புள்ளியிலிருந்து சரியாக 20 சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு கயிற்றைக் கட்டி, அந்தக் கயிற்றில் தராசின் கொக்கியை மாட்டி, பிடிக்குச் செங்குத்தாக மெதுவாக இழுக்க வேண்டும். தராசு 5 கிலோ காட்டினால் அது ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர். 12 கிலோ காட்டினால் அது 24-ஐ ஒட்டி வருகிறது. வெட்டி இழுத்தால் தராசு பொய் சொல்லும். பிடி போகும் திசைக்கு ஏற்பக் கயிற்றையும் திருப்பிக்கொண்டே போக வேண்டும்.

முதன்முறை இப்படி அளந்து 6 மிமீ போல்ட்டு ஒன்றை இறுக்கியபோது, இவ்வளவுதானா என்று என் மனம் நம்பவில்லை. அதுவரை நான் அதைப்போல் இரண்டு மடங்கு இறுக்கிக்கொண்டிருந்தேன் என்பது அன்றுதான் தெரிந்தது.

பட்டறைக்காரர் (கோலகங்சார்)

முப்பது ஆண்டுகளாகக் கை உணர்வை நம்பியே வேலை செய்தவன் நான். தராசு முறையைப் படித்துவிட்டு இன்று மாலை என் கையையே சோதித்துப் பார்த்தேன். 6 மிமீ போல்ட்டில் என் கை சரியாகவே நின்றது. 12 மிமீ வடிகால் போல்ட்டில் மூன்று முறை இறுக்கி மூன்று முறையும் 30-க்கு மேல் போயிருந்தேன். ஆகவே பெரிய போல்ட்டுக்குக் கை உணர்வு போதும் என்று இனி நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

இப்போது மரையைச் சரிசெய்யும் முறைக்கு வருகிறேன். செய்யப்போவது, கெட்டுப்போன துளையைச் சற்றுப் பெரிதாக்கி, அதில் புதிய மரை வெட்டி, அந்த மரைக்குள் எஃகுச் சுருள் ஒன்றைத் திருகி இறக்குவது. சுருளின் உட்புறம் பழைய போல்ட்டின் அளவிலேயே இருக்கும். ஹெலிக்காயில் என்று கேட்டால் ஈப்போவில் கருவி விற்கும் கடைகளில் கொடுப்பார்கள். ஆனால் கடைக்குப் போகும்போது போல்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள், ஏனெனில் 12 மிமீ என்று மட்டும் சொன்னால் போதாது. இந்தப் போல்ட்டின் மரை இடைவெளி 1.5 மிமீ, கடையில் அதே 12-இல் 1.25-உம் 1.75-உம் இருக்கும். இதேபோல் ஜப்பானிய மோட்டார்களின் 10 மிமீ போல்ட்டுகளில் பெரும்பாலும் 1.25 இடைவெளி இருக்க, வன்பொருள் கடையில் எடுத்துக் கொடுப்பது 1.5 ஆக இருக்கும். இரண்டு சுற்று கையால் போகும், மூன்றாவது சுற்றில் கனக்கும், ஏதோ துரு என்று நினைத்து ஸ்பேனரைப் போடுவோம்; நல்ல மரையும் அங்கேயே போய்விடும்.

எண்ணெயை முழுவதும் வடித்து, துளையைச் சுற்றிப் பிரஷ்ஷால் தேய்த்துச் செம்மண் ஒரு துகள்கூட இல்லாமல் துடையுங்கள். ஹெலிக்காயில் பெட்டியில் குறிப்பிட்டிருக்கும் அளவுள்ள டிரில் முனையைத்தான் பயன்படுத்த வேண்டும். 12 மிமீ துளையைப் பெரிதாக்கும்போது பக்கத்துக்கு ஏறக்குறைய 0.2 மிமீதான் நீங்கும் என்பதால், மின் டிரில்லை வேகமாக ஓட்டாமல், முனையை, மரை வெட்டும் கருவியான டேப்பின் (வெள்ளை டேப் அல்ல) பிடியில் மாட்டிக் கையால் சுற்றியே இதைச் செய்துவிடலாம். நான் அப்படித்தான் செய்கிறேன், ஏனெனில் கையால் சுற்றும்போது முனை சாய்வது உடனே தெரிந்துவிடும்.

நேராக இருப்பதுதான் இந்த வேலையின் உயிர். வாசர் உட்காரும் தட்டையான முகம்தான் உங்களுக்கு அளவு. ஒரு சிறிய மூலைமட்டத்தை அந்த முகத்தில் வைத்து, டேப்பை ஒரு பக்கத்திலிருந்து பார்த்து, பிறகு செங்குத்தான இன்னொரு பக்கத்திலிருந்தும் பாருங்கள். மரை சாய்ந்துவிட்டால் போல்ட்டின் தலை ஒரு ஓரத்தில் மட்டும் வாசரை அழுத்தும். அப்புறம் புதிய வாசர் போட்டாலும் கசியும், கசிந்தால் மறுபடி இறுக்கத் தோன்றும்.

டேப்பின் பள்ளங்களில் கிரீஸை நிறையத் தடவுங்கள், அலுமினியத் தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். அலுமினியத்தை வெட்டும்போது ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டால் மரை கிழியாமல் வழுவழுப்பாக வரும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று போங்கள். இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி கிரீஸ் தடவுங்கள். துளை கீழ்நோக்கி இருப்பதால் பெரும்பாலான தூள் தானே விழுந்துவிடும். காற்றுக் குழாயால் ஊதவே கூடாது. ஊதினால் தூள் நேரே இஞ்சினுக்குள் போகும்.

சுருளின் நீளத்தை முன்கூட்டியே பாருங்கள். துளையின் ஆழத்தைவிட நீளமான சுருள் உட்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். சுருளைக் கருவியில் மாட்டி, அழுத்தாமல் வெறுமனே திருகி இறக்கி, அதன் கடைசிச் சுற்று முகத்துக்குக் கால் முதல் அரைச் சுற்று உள்ளே இருக்கும்போது நிறுத்துங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வாசர் சுருளின்மேல் உட்கார்ந்துவிடும்.

கடைசியில் சுருளின் அடியில் இருக்கும் சிறு நாக்கை ஒடித்து எடுக்க வேண்டும். மூடிய துளை என்றால் அது அடியிலேயே கிடக்கும்; இது இஞ்சினுக்குள் திறக்கும் துளை. ஆகவே தட்டி ஒடிக்காமல், நீண்ட மூக்குக் குறட்டால் நாக்கைப் பிடித்து, மேலும் கீழும் ஆட்டி ஒடித்து, குறட்டோடு சேர்த்தே வெளியே எடுங்கள். உள்ளே விழுந்தால் காந்தம் விட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள். துருப்பிடிக்காத எஃகான அதைக் காந்தம் சரியாக ஈர்க்காது.

பீடோர் வாசகர்

இவ்வளவு வேலைக்குப் பதிலாக, தானே மரை வெட்டிக்கொண்டு ஏறும் பெரிய அளவு வடிகால் போல்ட்டு விற்கிறார்களே, அதை வாங்கிப் போட்டுவிட்டால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடாதா? இரும்புப் பசை வைத்து ஒட்டிவிட்டு, எண்ணெய் நிரப்பும் துளை வழியாகவே உறிஞ்சி எடுப்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அளவுகோல் (சுங்கைப்பட்டாணி)

தானே வெட்டும் போல்ட்டு நேராக நுழையும் என்பதற்கு உறுதி இல்லை, வெட்டிய தூளையும் உள்ளேயே தள்ளிவிடும். ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டே போகும். பசை வைத்தால் அடியில் தங்கும் கசடு ஒருநாளும் வெளியே வராது. கப்சாய் இஞ்சின்களில் 1958-இல் வந்த சூப்பர் கப் காலத்திலிருந்தே சிலிண்டர் படுத்த வாக்கில் இருக்கிறது, எண்ணெயின் அளவும் சிறியது. அந்தக் கொஞ்ச எண்ணெய்தான் கிளட்ச்சையும் கியர்களையும் சேர்த்துக் கவனிக்கிறது. அதை முழுமையாக வடிக்க முடியாமல் செய்வது இஞ்சினின் ஆயுளைக் குறைப்பதாகும்.

பட்டறைக்காரர் ஐயாவிடம் ஒரு கேள்வி. அடிக்கடி கழற்றும் போல்ட்டுக்குச் சுருளைவிட, திடமான எஃகு புஷ் வகை (உள்ளும் புறமும் மரையுள்ள குழல்) நல்லதில்லையா?

பட்டறைக்காரர் (கோலகங்சார்)

நல்லதுதான். விலை அதிகம், அதற்கான டேப்பும் வேறு. வடிகால் போல்ட்டுக்கும் ஸ்பார்க் பிளக்குக்கும் பணம் இருந்தால் புஷ்ஷே போடுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். மூடிகளைப் பிடிக்கும் 6 மிமீ துளைகளுக்குச் சுருள் போதுமானது; சரியாக இறங்கிய சுருள் பழைய அலுமினிய மரையைவிட வலுவாகவே நிற்கும்.

மூடிகளைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கிளட்ச் மூடியின் போல்ட்டுகள் ஒரே நீளமாக இருக்காது. ஓர் அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் அதன் இடத்தில் குத்தி வையுங்கள். குட்டைப் போல்ட்டு நீளத் துளைக்குப் போனால் நான்கைந்து மரைகளே பிடிக்கும், அவை முதலில் அரியும். நீளமானது குட்டைத் துளைக்குப் போனால் அடியில் முட்டிக்கொண்டு, இறுகிவிட்டதைப் போலக் காட்டும். ஆனால் மூடி தளர்வாகவே இருக்கும். மூடிய துளையில் எண்ணெய் தேங்கியிருந்தால் அதையும் உறிஞ்சி எடுங்கள், போல்ட்டு இறங்கும்போது எண்ணெய்க்குப் போக இடமில்லாமல் துளையின் சுவரே வெடித்ததை என் பட்டறையில் கண்ணால் பார்த்திருக்கிறேன். எல்லாப் போல்ட்டையும் முதலில் கையால் உட்கார வைத்து, பிறகு எதிரெதிராகக் குறுக்கே மாற்றி மாற்றி, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள்.

செம்மண் பாதை (சுங்கை சிப்புட்)

தாமதமாக எழுதுவதற்கு மன்னிக்கவும். வேலை முடிந்தது. புஷ் வகை நான் போன இரண்டு கடைகளிலும் இல்லாததால் சுருளே வாங்கினேன். மூன்று நாள் அப்பா பக்கத்து வீட்டு அண்ணனோடு பின்னால் அமர்ந்து பெரட்டுக்குப் போனார்.

டேப்பை முதல் இரண்டு சுற்று இறக்கிவிட்டு மூலைமட்டத்தை வைத்தபோது முன்பக்கமாகச் சாய்ந்திருப்பது தெரிந்தது. பின்னே எடுத்து, தம்பியை எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பார்க்கச் சொல்லி, அவன் சொல்லச் சொல்ல நிமிர்த்திக்கொண்டே மறுபடி தொடங்கினேன். நாக்கைக் குறட்டோடு வெளியே எடுத்துத் தந்தையாரிடம் காட்டினேன்.

பிறகு துளையைத் திறந்தபடியே மேலிருந்து மலிவான எண்ணெயைக் கொஞ்சம் ஊற்றி வடித்தேன். அடியில் விரித்திருந்த வெள்ளைத் துணியில் நான்கைந்து மின்னும் துகள்கள் வந்தன. புதிய வாசர் போட்டு, தராசில் 12 கிலோ வரும்வரை இழுத்து நிறுத்தினேன். எண்ணெய் நிரப்பி ஐந்து நிமிடம் ஓடவிட்டு மறுபடி வடித்தபோது துணியில் எதுவும் இல்லை. வலப்பக்க மூடியைக் கழற்றி, எண்ணெய் வடிகட்டும் வலையையும் கழுவிவிட்டேன். போல்ட்டுகளை அட்டையில் குத்தி வைத்துத்தான் செய்தேன்.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அதே வேளையில் புகைக்குழாயைப் பிடிக்கும் 6 மிமீ ஸ்டட்டுகளில் (தலையில்லாத, இரு முனையிலும் மரையுள்ள போல்ட்டுகளில்) ஒன்று வளைந்திருப்பதைப் பார்த்தேன். அதை எப்படிக் கழற்றுவது?

பட்டறைக்காரர் (கோலகங்சார்)

நன்றாகச் செய்திருக்கிறீர்கள் தம்பி. ஸ்டட்டைப் பலத்தால் திருகாதீர்கள், ஒடிந்தால் வேலை பத்து மடங்காகும். முதல் நாள் இரவே துரு நீக்கும் எண்ணெய் தெளித்து ஊறவிடுங்கள். மறுநாள், பெட்ரோல் குழாயைக் கழற்றித் தொட்டியைத் தூரமாக வைத்துவிட்டு, ஸ்டட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தை வெப்பக் காற்றால் சூடாக்குங்கள். அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் என்பதால் துளை தளர்ந்து கொடுக்கும். இரண்டு நட்டுகளை ஸ்டட்டில் ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டி, உள்நட்டில் ஸ்பேனரைப் போட்டு, கொஞ்சம் கழற்றி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி கழற்றி என்று ஆட்டி ஆட்டி எடுங்கள்.

ஸ்பார்க் பிளக்குக்கு மட்டும் இதே யோசனை கூடாது. இஞ்சின் சூடாக இருக்கும்போது பிளக்கைக் கழற்றினால் மென்மையான மரை அதோடு சேர்ந்து வரலாம். ஆறிய பிறகே கைவையுங்கள். உங்கள் இஞ்சினுக்கான 10 மிமீ பிளக்குக்கு 12 நியூட்டன் மீட்டர் போதும், தராசில் 6 கிலோ.

செம்மண் பாதை (சுங்கை சிப்புட்)

ஸ்டட்டு நேற்று ஒடியாமல் வந்துவிட்டது. வடிகால் போல்ட்டின் அடியில் ஒவ்வோர் இரவும் ஓர் அட்டையை வைத்துப் பார்க்கிறேன். அப்பா 300 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிவிட்டார், அட்டை இன்னும் உலர்ந்தே இருக்கிறது. பத்து வாசர்கள் வாங்கி, கருவிப் பெட்டியில் ஸ்பேனருக்குப் பக்கத்திலேயே ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.